கச்சான் காற்றில் காயாத கதிரை

கிட்ட வாருங்கள், கண்ணுகளே. இன்னும் கொஞ்சம் கிட்ட. விளக்கைத் தணிக்கத் தேவையில்லை. நான் சொல்லப்போவது இருட்டில் நடந்த கதை இல்லை. உச்சி வெயிலில், கண் கூசுகிற வெளிச்சத்தில், திருகோணமலை உட்துறைமுகத்தைப் பார்த்தபடி நின்ற ஒரு வீட்டில் நடந்தது. கேட்டுக்கொண்டிருக்கும்போது பயம் வந்தால் பக்கத்தில் இருக்கிறவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்க முன்னம் அது யாருடைய கை என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மூதூர் சரீப் அன்றைக்குச் சொல்லாமல் போனார். பிசகு தொடங்கியது அதில்தான்.

சரீப் பழைய சாமான் வாங்கி விற்கிறவர். இருபது வருடமாக மூதூரில் இருந்து லோஞ்சுப் படகில் வந்திறங்கி, அந்த வீட்டில் பிளேன்டீ குடித்து, ஊர்ப் புதினம் சொல்லி, படியிறங்கும்போது "அப்ப போயிட்டு வாறன் அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அன்றைக்குச் சாக்கில் சுற்றிய, காலை நீட்டிச் சாய்ந்து இருக்கிற நீளக் கதிரை ஒன்றை முன்னறையில் இறக்கி வைத்தார். என்ன தரவேண்டும் என்று வீட்டுக்காரர் தவராசா கேட்டார்.

"ஒண்டும் வேணாம் அண்ணன். அது எங்கட வீட்ட விட்டுப் போனாப் போதும்."

தேத்தண்ணியைப் பாதியில் வைத்தார். செருப்பைக் கொழுவிக்கொண்டு, திரும்பிப் பாராமல், கேற்றைத் தாண்டிப் போனார். தவராசாவின் மனைவி இராசமலர் வாசல்படியில் நின்று அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஆட்கள் ஒரு வீட்டை விட்டு வெளிக்கிடும்போது 'போறன்' என்று சொல்லமாட்டார்கள். 'போயிட்டு வாறன்' என்பார்கள். வீட்டில் இருக்கிறவர்கள் 'ஓம், போயிட்டு வாங்கோ' என்பார்கள். செத்தவீட்டில் மட்டும் ஒருவரும் சொல்லிக்கொள்வதில்லை. எழும்பி, பேசாமல் போய்விடுவார்கள். அந்த வாசலில் வைத்து வாறன் என்றும் சொல்லக்கூடாது, வாங்கோ என்றும் சொல்லக்கூடாது. சரீப் வேறு மார்க்கத்து ஆள்தான்; ஆனாலும் இந்த வழக்கம் அவருக்கு நன்றாகத் தெரியும். செத்தவீட்டை விட்டுப் போகிறவர் போலத்தான் அவர் அன்றைக்குப் போனார்.

மற்றவர்களுக்கு இது ஒரு மரியாதைச் சொல். இராசமலருக்கு அது உயிர். முந்தின வருடம், தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதத்தில், அவளுடைய ஒரே தம்பி கோணாமலையை ஒரு சுற்றிவளைப்பில் அவள் பார்த்திருக்க ஆமிக்காரர்கள் லொறியில் ஏற்றினார்கள். அவன் திரும்பிப் பார்த்தான். சொல்ல வாயெடுத்தான். அதற்குள் லொறி வெளிக்கிட்டுவிட்டது. அவனும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை, அவன் வரவுமில்லை. அன்றிலிருந்து அந்த வாசலைத் தாண்டுகிற ஒருவரையும் அவள் அந்தச் சொல் இல்லாமல் விட்டதில்லை. பால்காரருக்குச் சொன்னாள், தபால்காரருக்குச் சொன்னாள், வீடு சோதிக்க வந்த ஆமிக்காரர்கள் அலுமாரியைக் கிளறிவிட்டுப் படியிறங்கியபோது அவர்களுக்கும் சொன்னாள். தவராசா அதை நினைத்து நினைத்துச் சிரிப்பார்.

"ஆமிக்காரனைத் திரும்பி வரச்சொன்ன ஒரே பொம்பிளை இந்தத் திருகோணமலையில நீதான் மலர்."

பிள்ளைகள் இல்லாத வீடு. தம்பியும் போனபிறகு அவளுக்கு மிச்சம் இருந்தது இந்தச் சிரிப்புக்காரர் ஒருவர்தான்.

தவராசா துறைமுகக் கந்தோரில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். சண்டைக்கு முந்திய காலத்தில் உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு வெள்ளை வெளேரென்று கப்பல்கள் வந்து உட்துறைமுகத்தில் நங்கூரம் போடும். கடதாசிகளில் கையெழுத்து வாங்க வள்ளத்தில் போகிறவர் இவர். போகும் ஒவ்வொரு முறையும் எதையாவது கேட்டு வாங்கிக்கொண்டு வருவார். விளிம்பில் நீலக் கோடு ஓடும் பீங்கான் கோப்பை, பித்தளைத் தகடு தொங்கும் அறைப் பூட்டின் திறப்பு, வெண்ணெய் மணம் இன்னும் போகாத சாப்பாட்டு அட்டை, பயணப்பெட்டியில் ஒட்டுகிற துண்டு, சாம்பல் தட்டு என்று முப்பது வருடச் சேர்மானம் முன்னறை முழுக்க நிறைந்து கிடந்தது. எது எந்தக் கப்பலுடையது, எந்த ஆண்டு வந்தது என்பதெல்லாம் தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி இருந்தது. கோப்பையின் விளிம்பைத் தடவிப் பார்த்தே கப்பலின் பெயரைச் சொல்லுவார். இவ்வளவும் சேர்த்த மனிதர் மூதூர் லோஞ்சில் கால் வைத்தாலே தலை சுற்றி, வயிறு பிரட்டிச் சத்தி எடுப்பார் என்பது வேறு கதை.

சரீப் கொண்டுவந்தது கப்பலின் மேல்தட்டில் வெயில் காய்கிறவர்களுக்குப் போடுகிற கதிரை. தேக்கு மரம், பிரம்பு பின்னிய படுக்கை. தலைமாட்டில் ஒரு பித்தளைச் சட்டம். இது இன்னாருடைய கதிரை என்று பெயர் எழுதிய அட்டையைச் செருகுவதற்கு. அட்டை உள்ளேயே இருந்தது, ஊறிப் பருத்து, ஓர் எழுத்தும் மிஞ்சாமல். கப்பலின் பெயர் எங்கேயும் இல்லை. தவராசா கதிரையைக் கவிழ்த்துப் பார்த்தார், ஆணிகளைப் பார்த்தார், கொப்பியைப் புரட்டினார். முப்பது வருடத்தில் முதல்தடவையாக அவருக்கு ஒரு கப்பலின் பெயர் தெரியவில்லை.

"ஆருக்கோ ஒதுக்கின கதிரை," என்றார். "ஆள்தான் இன்னும் வரேல்லை."

அது ஆடி மாதம். கச்சான் காற்று மலைப்பக்கமிருந்து வந்து ஊரையே சுட்டெடுத்துக்கொண்டிருந்தது. கொடியில் போட்ட தவராசாவின் ஈரச் சாரம் அரை மணித்தியாலத்தில் அப்பளம் போல விறைக்கும். குடத்துத் தண்ணீர்கூடத் தானாகக் குறையும். அப்படிப்பட்ட காற்றில், அடுத்தநாள் காலையில் இராசமலர் தூசு தட்டப் போய்க் கதிரையில் கை வைத்தபோது பிரம்பு ஈரமாக இருந்தது. துடைத்தாள். மத்தியானம் திரும்பவும் ஈரம். முற்றத்து வெயிலில் இழுத்துப் போட்டாள். பொழுதுபடும்வரை கிடந்தும், அடிப்பக்கத்தில் முத்து முத்தாக நீர் கோத்துச் சொட்டியது. கடல் மணம் என்றால் அவள் பயந்திருக்கமாட்டாள், கடற்கரையில் பிறந்தவள். இது வாசனைச் சவர்க்காரமும் இயந்திர எண்ணெயும், நெடுநாள் திறக்காத அறையின் புழுக்கமும் கலந்த மணம். நன்றாக உடுத்திக்கொண்ட ஒருவர் மூடிய அறைக்குள் வெகுகாலம் இருந்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றால் வீசுகிற மணம்.

"கடல் தண்ணி குடிச்ச மரம், கக்குது," என்று தவராசா சமாதானம் சொல்லி, கதிரையைத் திரும்ப முன்னறைக்குக் கொண்டுவந்து விட்டார்.

நாலாம் நாள் எங்கேயோ ஒரு கண்ணிவெடி வெடித்தது. மூன்று நாளைக்கு இரவும் பகலும் ஊரடங்கு என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு ஜீப் போனது.

ஊரடங்கின் முதல் நாள், மத்தியானம் இரண்டு மணி இருக்கும். தவராசா சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் பாய் போட்டுப் படுத்திருந்தார். இராசமலர் குசினியில், முன்னறைக்கு முதுகைக் காட்டி இருந்து, ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு சைக்கிள் மணிகூட இல்லை. காற்று மட்டும் கூரைத் தகரத்தின் ஒரு நுனியைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தகரச் சத்தத்துக்கு இடையில், பிரம்பு நெரிகிற சத்தம், ஒருவர் தன் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிச் சாய்ந்து காலை நீட்டுகிற சத்தம், பிறகு வெகுதூரம் நடந்து வந்தவர் விடுகிற நீண்ட ஆறுதல் மூச்சு, எல்லாம் முன்னறையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன.

பக்கத்து வீட்டுச் சிவகுருதான் என்று அவள் நினைத்தாள். ஊரடங்கு நேரங்களில் அவர் வேலியில் விட்ட பொட்டு இடைவெளியால் நுழைந்து, தவராசாவோடு சீட்டுக் கடதாசி விளையாட வருவார். இருங்கள், தேத்தண்ணி போடுகிறேன் என்று திரும்பாமலே குரல் கொடுத்தாள். பதில் இல்லை. அவர் செவிடு, அதுவும் புதினம் இல்லை. கொஞ்ச நேரத்தில் பிரம்பு திரும்ப நெரிந்தது. எழும்புகிறார். காலடிகள் வாசல் பக்கம் போயின. ஒவ்வோர் அடியிலும் சளக், சளக் என்று ஒரு சத்தம். வாசலில் நின்றன. ஒரு செருமல். வெளிக்கிடுகிறவர் சொல்லிக்கொள்வதற்காக நிற்கிற நிற்பு.

கை முழுக்க மா. அவள் திரும்பவில்லை.

"ஓம், போயிட்டு வாங்கோ."

கையைக் கழுவிக்கொண்டு கதவைச் சாத்தப் போனாள். கதவு சாத்தித்தான் இருந்தது. மேல்தாழ்ப்பாள் போட்டபடி. குறுக்குச் சட்டமும் போட்டபடி. கதிரையிலிருந்து கதவு வரைக்கும் சீமெந்து நிலத்தில் ஈரத் தடங்கள், கூர் முனைச் சப்பாத்தின் தடங்கள், கதவடியில் முடிந்திருந்தன.

வேலியடிக்கு ஓடிப் போய்ச் சிவகுருவின் மனைவி கனகம்மாவிடம் கேட்டாள்.

"இவரோ? முழங்கால் வீங்கி மூண்டு நாளாப் பாயில கிடக்கிறார் பிள்ளை. நடந்து வந்தவரெண்டால் எனக்கும் ஒருக்கால் கூட்டி வந்து காட்டு."

இராசமலருக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. யாரென்று பாராமல் வாங்கோ என்று சொல்லியிருக்கிறாள். தன் வாயால், தன் வீட்டுக்குள் நின்று.

தவராசா எழும்பி வந்து தடங்களைப் பார்த்தார். அவர் முகத்தில் பயத்தைத் தேடினாள், காணவில்லை. குனிந்து, கோப்பை விளிம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"வெள்ளைக்காரச் சப்பாத்து. நாளைக்கு வந்தால் எந்தக் கப்பலெண்டு கேளன் மலர்."

அவள் அழுதபிறகுதான் விளையாட்டை விட்டார். கதிரையை வெளியில் எறிய ஏலாது, தெருவில் தலை காட்டினால் சுடுவார்கள். கொளுத்தவும் ஏலாது, புகையைக் கண்டால் சந்திச் சென்றியில் காவல் நிற்கிற ஆமிக்காரர்கள் வந்து கேட்பார்கள், அந்த ஈர மரம் பற்றவும் போவதில்லை. ஊரடங்கு எடுத்ததும் சரீப்பிடமே திருப்பிக் கொடுப்பதென்று முடிவானது. அதுவரைக்கும் மத்தியானத்தில் அவர் உள்ளறையை விட்டு வெளியில் வரக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். சிரித்துக்கொண்டே சத்தியம் பண்ணினார்.

இரண்டாம் நாள் அதே நேரத்துக்கு வந்தது. குசினி வாசலில் நின்று இந்தமுறை பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்க ஒன்றும் இல்லை. வெளிச்சம் இருந்தது, தூசு பறந்தது, அலுமாரியில் கோப்பைகள் வரிசையாக இருந்தன. பிரம்பு மட்டும் ஒரு உடம்பின் அளவுக்குப் பள்ளமாகத் தாழ்ந்தது. மூச்சு. பிறகு பிரம்பு நிமிர்ந்தது. சளக், சளக் என்று ஒவ்வொரு தடமும் அவள் கண்முன்னே நிலத்தில் விழுந்து விழுந்து கதவடிக்குப் போய் நின்றது. செருமல்.

அவள் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கும் வரும்.

அது நின்றது. போகவில்லை. விடை கொடுக்கும்வரை படியிறங்காத விருந்தாளி போல, நல்ல மரியாதையோடு நின்றது. கால் மணித்தியாலம். அரை மணித்தியாலம். நின்ற இடத்தில் நீர் ஊறிப் பெருகியது. அந்த நீரின் விளிம்பு மெல்ல மெல்ல நகர்ந்து நடுவறைக்கு வந்தது, உள்ளறைப் படியைத் தொட்டது, தவராசா தூங்கிக்கொண்டிருந்த பாயின் நுனியை நனைத்தது. இன்னொரு செருமல், முந்தினதிலும் பார்க்கக் கொஞ்சம் பலமாக. உள்ளே தவராசா தூக்கத்தில் தண்ணீர் விழுங்கியவர் போலப் புரையேறி இருமத் தொடங்கினார். ஒன்று. இரண்டு. மூச்சு எடுக்க முடியாமல், நிற்காமல்.

கையை எடுத்தாள்.

"போயிட்டு வாங்கோ."

இருமல் நின்றது. நீர் நின்றது. அது போய்விட்டது.

அன்றிரவு முழுக்க அவள் கண் மூடவில்லை. சொன்னால் வரும். சொல்லாவிட்டால் போகாது. மற்றச் சொல் ஒன்று இருக்கிறது. ஒரு எதிரியைக்கூட அப்படிச் சொல்லி அனுப்பாத சொல். அந்த வாசலில் வைத்து அவளும் சொன்னதில்லை, அவளுடைய தாயும் சொன்னதில்லை. விடியும்போது அதை மனதுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். நாக்குக் கூசியது. ஆனால் அவரைக் காப்பாற்ற வேறு ஒன்றும் அவளிடம் இல்லை.

மூன்றாம் நாள். சோறு கொடுத்து, தவராசாவை உள்ளறையில் படுக்கவைத்து, கதவைச் சாத்தினாள்.

"உள்ளுக்கு அவியுது மலர்," என்றார்.

"இண்டைக்கு மட்டும் பொறுங்கோ."

குசினிக்குப் போனாள். இந்தமுறை பார்க்கும் தைரியம் இல்லை. சுவரைப் பார்த்தபடி நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். காற்று முந்தின நாட்களைவிடப் பலமாக அடித்தது. தகரம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த அமளியில் உள்ளறைக் கதவு திறந்ததோ, நடுவறையில் யாரும் நடந்ததோ அவளுக்குக் கேட்கவில்லை.

பிரம்பு நெரிந்தது.

நீண்ட ஆறுதல் மூச்சு.

அவள் சொல்லை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நேரம் போனது. பிரம்பு நிமிர்ந்தது. காலடிகள். வாசலடியில் நின்றன. செருமல்.

"போங்கோ," என்றாள். "இனி இஞ்ச வராதேங்கோ."

காற்று ஒரு கணம் விழுந்தது. தகரம் அடங்கியது.

அப்போதுதான் உறைத்தது. சளக் என்ற சத்தம் இல்லை. இறப்பர்ச் செருப்பு. சரக், சரக். செருமலும் அது இல்லை. இது சுருட்டுக் குடித்துப் பழுதான தொண்டை. முப்பத்தைந்து வருடமாகப் பக்கத்தில் படுத்துக் கேட்ட செருமல். தேத்தண்ணி கேட்கத்தான் செருமினாரோ என்னவோ.

"ஓம்," என்றது தவராசாவின் குரல். சிரிப்பில்லாத குரல். சொல்வழி கேட்கிற பிள்ளையின் குரல். "போறன்."

தாழ்ப்பாள் கழன்றது. குறுக்குச் சட்டம் நிலத்தில் விழுந்தது. கதவு திறந்து, அவளுக்கு முன்னால் இருந்த சுவரில் வெயில் வந்து விழுந்தது.

ஓடினாள். கதவு அகலத் திறந்து கிடந்தது. முற்றத்தில் அவர் இல்லை. கேற்றடியில் இல்லை. ஈரக் கதிரையில் இருந்து எழும்பியவரின் சாரத்திலிருந்து சொட்டிய துளிகள் மட்டும், படியிலிருந்து கேற்றுக்கும், கேற்றிலிருந்து துறைமுகம் நோக்கி இறங்குகிற தெருவுக்கும் வரிசையாகப் போயிருந்தன. கச்சான் அவற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. முதல் துளி காய்ந்தது. அடுத்தது. அதற்கு அடுத்தது.

கேற்றைத் தாண்டி ஒரு கால் வைத்தாள். கீழே சந்திச் சென்றியில் நின்ற ஆமிக்காரன் துவக்கை நிமிர்த்தினான். இந்தப் பக்கம் ஒருவர் போனாரா என்று கையால் காட்டிக் கேட்டாள். அவன் வெறுந் தெருவைத் திரும்பிப் பார்த்தான். உள்ளே போ என்று துவக்கு முனையால் காட்டினான். அவன் யாரையும் காணவில்லை.

கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, துறைமுகம் தெரிகிற பக்கத்தைப் பார்த்து, அவருக்குச் சொல்லாமல் விட்டதைச் சொன்னாள்.

"போயிட்டு வாங்கோ."

வெள்ளைத் தெரு. வெள்ளை வெயில்.

"போயிட்டு வாங்கோ. இஞ்சேருங்கோ, போயிட்டு வாங்கோ."

"ஓம்."

பதில் வந்தது. தெருவிலிருந்து இல்லை. அவளுக்குப் பின்னாலிருந்து. வீட்டுக்குள் இருந்து.

திரும்பினாள். திறந்த கதவுக்குள்ளே முன்னறை தெரிந்தது. கதிரை காய்ந்து கிடந்தது. பிரம்பு வெளிறி, ஒரு சொட்டு ஈரமில்லாமல், முதல்தடவையாக. நிலத்தில் சப்பாத்துத் தடங்கள். வாசலுக்கு வருகிறவை அல்ல. கதிரையடியிலிருந்து நடுவறைக்கு. நடுவறையிலிருந்து உள்ளறைக்கு. உள்ளறைக் கதவு, காற்று நின்றிருந்த நேரத்தில், மெல்லச் சாத்திக்கொண்டது.

பாய் சரசரத்தது. தவராசாவின் பாய். வெகுதூரம் நடந்து வந்தவர் விடுகிற நீண்ட மூச்சு.

பிறகு ஒரு செருமல். தேத்தண்ணிக்குக் காத்திருக்கிறவருடைய செருமல்.

முன்னால் துவக்கு. பின்னால் வீடு. இராசமலர் கேற்றடியில் நின்றாள். கதவடியில் நீர் கசியத் தொடங்கியது.

இவ்வளவுதான் கண்ணுகளே, இனி எழும்புங்கள். உங்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டு போகட்டும். போனவர்கள் எல்லோரும் பொழுதுபட முன்னம் திரும்பி வரட்டும். வந்து உங்கள் பாயில் படுக்கிறவர்கள் உங்கள் ஆட்களாகவே இருக்கட்டும். போயிட்டு வாருங்கள்.